அலுப்பு, நித்திரை, ஏலாமை

நான்கு வருடங்களுக்கு முன்னர் ஒரு மாசி மாத விடியற்புறம், இரவு வேலை முடிந்து காரில் வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். பக்கத்து இருக்கையில் என்னோடு ஒரே இயந்திரத்தில் நிற்கும் துருக்கிய நண்பர். அவர் கத்திய சத்தத்தில் கண் விழித்தபோது, நெடுஞ்சாலைத் தடுப்புக் கம்பிக்கும் காருக்கும் இடையில் ஒரு முழம்கூட இல்லை. எத்தனை விநாடி நித்திரையாய்ப் போனேன் என்பது எனக்குத் தெரியாது. மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் வாகனம் 3 விநாடியில் 80 மீற்றருக்கு மேல் போய்விடும். அந்தத் தூரத்தில் எங்கள் இருவரையும் காப்பாற்றியது தற்செயல்தான்.

அடுத்த வாரம் குடும்ப வைத்தியரிடம் போனேன். ‘எப்போதும் மியூடே ஆக இருக்கிறது’ என்றேன். அவர் இரத்தம் எடுத்துப் பார்த்தார். குறை ஒன்றுமில்லை. ‘இந்த வயதில் மூன்று முறை வேலை செய்கிறீர்கள், அப்படித்தான் இருக்கும், விடுமுறை எடுத்து ஓய்வெடுங்கள்’ என்று சொல்லி அனுப்பினார். அவரில் பிழையில்லை. ஜேர்மன் மொழியில் ‘மியூடே’ என்ற சொல் உடல் அலுத்திருப்பதையும் குறிக்கும், நித்திரை வருவதையும் குறிக்கும். நான் இரண்டாவதைச் சொன்னேன், அவர் முதலாவதைக் கேட்டார். இரண்டு வாரம் விடுமுறை எடுத்தேன். அலுப்புப் போயிற்று. நித்திரை போகவில்லை.

ஊரில் ஒன்பது வருடம் விலங்கியல் விரிவுரையாளராக இருந்து உடற்றொழிலியல் படிப்பித்தவன் நான். இப்போது பிளாஸ்ரிக் மூடிகள் வார்க்கும் ஒரு தொழிற்சாலையில், பெட்டிகளில் மூடிகளை எண்ணி அடைக்கிறேன். கரும்பலகையில் வரைந்து காட்டியவற்றை என் உடலிலேயே வேறு பிரித்து அறியத் தெரியாமல் இருந்தது எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தில் மீண்டும் படிக்கத் தொடங்கியதன் விளைவுதான் இக்கட்டுரை.

சொற்கள்

விந்தை என்னவென்றால் எங்கள் பேச்சுத் தமிழ் இந்த விடயத்தில் மிகத் தெளிவானது. தோட்டத்தில் பாத்தி கட்டிவிட்டு வருபவர் ‘அலுப்பாக் கிடக்கு’ என்பார். கோயில் திருவிழாவில் சாமம் வரை விழித்திருந்த பிள்ளை ‘நித்திரை வருது’ என்று சிணுங்கும். நெருப்புக்காய்ச்சலில் கிடந்து எழும்பியவர் ‘எனக்கு ஒண்டும் ஏலாமக் கிடக்கு’ என்பார். இந்த மூன்றையும் எங்கள் தாய்மார் ஒருபோதும் மாற்றிச் சொன்னதில்லை. அலுத்தவருக்குச் சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்தார்கள். நித்திரை வந்தவருக்குப் பாய் விரித்தார்கள். ஏலாதவரைப் பரியாரியிடம் கூட்டிப்போனார்கள். எழுத்துத் தமிழுக்கு வந்ததும்தான் சோர்வு, அயர்ச்சி, களைப்பு, அசதி என்று எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறோம்.

‘களைப்பு’ என்ற சொல்லை இங்கே வேண்டுமென்றே தவிர்க்கிறேன். ‘எனக்குக் களைக்குது’ என்று யாழ்ப்பாணத்து முதியவர் ஒருவர் சொன்னால், மூச்சு வாங்குகிறது என்பதே பெரும்பாலும் பொருள். வைத்தியசாலைகளில் மொழிபெயர்ப்புக்குப் போகும் நண்பர்களும் பிள்ளைகளும் இதைக் கவனிக்க வேண்டும். மூச்சு வாங்குதல் இதயத்தினதோ சுவாசப்பையினதோ நோய்க்கு அறிகுறியாக இருக்கலாம். அதை ‘மியூடே’ என்று மொழிபெயர்த்தால் வைத்தியர் தேடவேண்டிய இடத்தில் தேடமாட்டார்.

அலுப்பு

அலுப்பு என்பது செலவழித்ததற்கான கணக்கு. உடலோ மூளையோ வேலை செய்திருக்கிறது. வேலையை நிறுத்தி, உண்டு, ஓய்ந்தால் அது குறைகிறது. காரணம் தெரியும், முடிவும் தெரியும்.

இதை முதன்முதலில் முறையாக அளக்க முயன்றவர்களுள் முக்கியமானவர் இத்தாலியின் ரியூரின் நகரத்து உடற்றொழிலியலாளர் அஞ்சலோ மொசோ. நடுவிரலில் நூல் கட்டி, அதன் மறுமுனையில் ஒரு பாரத்தைத் தொங்கவிட்டு, விரலை மடக்கி மடக்கி அதைத் தூக்கச் செய்து, ஒவ்வொரு தூக்கலின் உயரத்தையும் ஒரு கருவியால் பதிந்தார். 1891இல் வெளிவந்த ‘லா பற்றிக்கா’ என்ற நூலில் இப்பரிசோதனைகளை விவரித்தார். பேராசிரியர்களான தம் சகாக்களின் விரல்களையும் அவர் சோதித்தார். விரிவுரையும் வாய்மொழிப் பரீட்சையும் நடத்திவிட்டு வந்தவர்களின் விரல் காலையில் தூக்கிய அளவுக்குத் தூக்கவில்லை. விரல் வேலை செய்யவில்லை, மூளைதான் செய்தது. ஆயினும் விரல் தளர்ந்தது. எனவே அலுப்பு தசையில் மட்டும் தங்கியிருப்பதல்ல என்பதை நூற்றுமுப்பது வருடங்களுக்கு முன்னரே மொசோ கண்டார்.

நான் படிப்பித்த காலத்தில், தசை அலுப்புக்கு இலற்றிக் அமிலம் சேர்வதே காரணம் என்று மாணவர்களுக்குச் சொன்னேன். அந்த விளக்கம் இன்று நிலைக்கவில்லை. தசைநார்களில் கல்சியம் வெளிவிடப்படுவது குறைதல், பொசுபேற்று சேர்தல், தசைக்கு மூளை அனுப்பும் கட்டளையே தளர்தல் என்று பல காரணங்களைச் சேர்த்தே இப்போது பேசுகிறார்கள். என் பழைய மாணவர் எவராவது இதை வாசித்தால் குறிப்பேட்டைத் திருத்திக்கொள்ளட்டும்.

முக்கியமான விடயம் ஒன்று: அலுத்தவருக்கு நித்திரை வரவேண்டும் என்ற கட்டாயமில்லை. எட்டு மணிநேரம் நின்றுவிட்டு வந்து, படுத்து, கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் அனுபவம் எங்களில் பலருக்கு உண்டு. நித்திரையின்மையால் அவதிப்படுவோரில் பெரும்பாலானவர்கள் இப்படிப்பட்டவர்களே. உடல் அலுத்திருக்கும், ஆனால் நரம்புமண்டலம் காவலுக்கு நிற்கும். ஷெல்லடியையும் சுற்றிவளைப்பையும் கண்டு வந்தவர்களின் உடல் இந்தக் காவலை இலகுவில் கைவிடுவதில்லை. அவர்களிடம் ‘நல்லா வேலை செய்தால் நித்திரை வரும்’ என்று சொல்வது அறியாமை.

நித்திரை வருதல்

நித்திரை வருதல் என்பது பசியைப் போன்ற ஒரு உந்தல். பசி சோற்றைக் கேட்கிறது, இது நித்திரையைக் கேட்கிறது. ஓய்வு இதைத் தீர்க்காது. ஓய்ந்து உட்கார்ந்தால் இன்னும் கூடும்.

சூரிச்சைச் சேர்ந்த அலெக்சாண்டர் போர்பெலி 1982இல் முன்வைத்த மாதிரி இன்றும் இத்துறையின் அத்திவாரமாக உள்ளது. நித்திரையை இரண்டு செயன்முறைகள் ஆள்கின்றன என்றார். முதலாவது, விழித்திருக்கும் நேரத்தோடு சேர்ந்து ஏறும் அழுத்தம். மூளைக் கலங்கள் சக்தியைச் செலவிடுகையில் அடெனோசின் என்ற பொருள் சேர்கிறது. அது சேரச்சேர விழிப்பு மங்குகிறது. நித்திரையில் அது குறைகிறது. கோப்பியிலுள்ள கபீன் அடெனோசின் பொருந்தும் இடத்தில் தான் போய் அமர்ந்துகொள்கிறது. கடன் அப்படியே இருக்கிறது. கடன்காரன் கதவைத் தட்டும் சத்தம் மட்டும் எங்களுக்குக் கேட்பதில்லை. உடலில் கபீன் பாதியாகக் குறைய ஏறத்தாழ 5 மணிநேரம் எடுக்கும். விடிய 3 மணிக்குக் குடித்த கோப்பியின் பாதி, காலை 8 மணிக்குப் படுக்கையிலும் எங்களோடு படுத்திருக்கும்.

இரண்டாவது செயன்முறை உடலின் மணிக்கூடு. கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறக்குறைய 20,000 நரம்புக்கலங்கள் கொண்ட ஒரு சிறு கூட்டம் அது. கண்ணுக்குள் விழும் ஒளியைக் கொண்டு அது நேரத்தைச் சரிசெய்கிறது. இத்தகைய மணிக்கூடுகளின் மூலக்கூற்றுப் பொறிமுறையைக் கண்டறிந்ததற்காக ஹோல், ரொஸ்பாஷ், யங் ஆகிய மூவருக்கும் 2017இல் நோபல் பரிசு கிடைத்தது. விடியற்காலை 3 மணிக்கும் 5 மணிக்கும் இடையில் இம்மணிக்கூடு எங்களை ஆகக் கீழே இறக்குகிறது. மதியத்துக்குப் பின் 2 மணியளவில் சிறிய இறக்கம் ஒன்று வரும். இரவு முழுதும் தூங்கி விழுந்துகொண்டு வேலை செய்தவர் காலை 7 மணிக்கு வீடு வந்ததும் திடீரென்று உசாராகிவிடுவதற்கும் இதுவே காரணம். அழுத்தம் குறையவில்லை, மணிக்கூடு ஏறத் தொடங்கிவிட்டது. அதனால்தான் பகல் நித்திரை குறுகி இடையில் அறுந்துபோகிறது.

இதன் ஆபத்து அளக்கப்பட்டிருக்கிறது. டோசன், றீட் ஆகிய இரு ஆய்வாளர்கள் 1997இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட பரிசோதனையில், 17 மணிநேரம் விழித்திருந்தவர்களின் கைத்திறன் குருதியில் 0.05 வீதம் மதுசாரம் உள்ளவர்களின் நிலைக்கு இறங்கியிருந்தது. ஜேர்மனியில் வாகனம் ஓட்டுவதற்கான எல்லையும் அதுவே. குடித்துவிட்டுக் கார் ஓட்டுபவரை நாங்கள் திட்டுகிறோம். அதே நிலையில் காலை 6 மணிக்கு ஓட்டி வருபவரை ‘பாவம், உழைக்கிறார்’ என்கிறோம்.

இன்னொரு ஆய்வு என்னை அதிகம் உலுக்கியது. வான் டொங்கனும் டிங்கெஸும் அவர்களது சகாக்களும் 2003இல் வெளியிட்டது. 48 பேரில் ஒரு பகுதியினருக்கு 14 நாட்கள் இரவுக்கு 6 மணிநேரமோ அதிலும் குறைவாகவோதான் படுக்கை. அவர்களது கவனம் நாளுக்கு நாள் விழுந்து, ஓரிரு இரவுகள் அறவே உறங்காதவர்களின் நிலைக்குப் போனது. ஆனால் ‘எவ்வளவு நித்திரை வருகிறது’ என்று கேட்டபோது, முதற்சில நாட்களுக்குப் பின் அவர்கள் சொன்ன அளவு பெரிதாகக் கூடவில்லை. அதாவது, பழகிவிட்டது என்று நினைத்தார்கள்; மூளை பழகவில்லை. ‘எனக்கு 5 மணித்தியாலம் போதும்’ என்று பெருமையாகச் சொல்லும் நண்பர்கள் இதை இருமுறை வாசிக்க வேண்டும்.

இரண்டாவதாக நான் போன வைத்தியர் ‘மியூடே’யை ஏற்றுக்கொள்ளவில்லை. ஒரு தாளைத் தந்தார். மெல்பேர்ணைச் சேர்ந்த மறே ஜோன்ஸ் 1991இல் உருவாக்கிய எப்வேர்த் அளவுகோல் அது. வாசிக்கும்போது, தொலைக்காட்சி பார்க்கும்போது, மதிய உணவுக்குப் பின் சும்மா இருக்கும்போது, ஒருவரோடு கதைத்துக்கொண்டிருக்கும்போது என்று எட்டுச் சந்தர்ப்பங்கள். அலுப்பாக இருக்குமா என்று அது கேட்பதில்லை, கண் அயர்ந்துவிடுவீர்களா என்றே கேட்கிறது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி. மொத்தம் 10ஐத் தாண்டினால் ஆராய வேண்டும். எனக்கு 17.

நித்திரை ஆய்வுகூடத்தில் ஒரு இரவு, தலையிலும் நெஞ்சிலும் வயர்களோடு படுத்தேன். மணிக்கு 38 தடவை என் மூச்சு அடைபட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு அடைப்பிலும் ஒட்சிசன் இறங்க, மூளை அரைகுறையாக விழித்து மூச்சை மீட்டது. காலையில் அது எதுவும் எனக்கு நினைவில்லை. என் மனைவி பத்து வருடமாகச் சொல்லி வந்த குறட்டை இதுதான். வீட்டில் அது பகிடியாகவே இருந்தது. இந்நோய் உடல் பருத்தவர்களுக்கு மட்டும் வருவதென்று நினைக்கவேண்டாம். தென்னாசியர்களுக்கு அவ்வளவு நிறை கூடாமலேயே வருகிறது. சிட்னியில் கொலின் சலிவன் 1981இல் அறிமுகப்படுத்திய முறையில், மூக்கில் பொருத்தும் முகமூடி வழியாகக் காற்றழுத்தம் கொடுத்து மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கிறார்கள். முதல் மாதம் சகிக்க முடியவில்லை. இப்போது அது இல்லாமல் படுக்கமாட்டேன்.

ஏலாமை

மூன்றாவதைப் பற்றி எழுதுவது எனக்குக் கடினம், ஏனெனில் இதில் நான் ஒரு நண்பருக்குத் தீங்கு செய்தேன்.

செய்த வேலைக்குப் பொருத்தமில்லாமல் வருவதும், ஓய்ந்தாலும் உறங்கினாலும் தீராததும் ஏலாமை. பத்து மணிநேரம் உறங்கி எழுந்தும் உறங்காதவர் போலிருத்தல், சட்டைக்குப் பொத்தான் போடுவதே ஒரு வேலையாகிவிடுதல். இதற்குப் பின்னால் வேறு நோய் இருக்கலாம்: குருதிச்சோகை, தைரொயிட் சுரப்புக் குறைவு, நீரிழிவு, இதயப் பலவீனம், சிறுநீரக நோய், புற்றுநோய், மனச்சோர்வு நோய், சில மருந்துகள். ஆகவே வாரக்கணக்கில் நீடிக்கும் ஏலாமையோடு வைத்தியரிடம் போகாமல் இருப்பது வீரமல்ல.

எனது நண்பர் இந்த வட்டாரத்தில் நல்ல மொழிபெயர்ப்பாளர். 2021இல் கோவிட் வந்து மாறியது. அதன் பின் கூட்டங்களுக்கு வருவது நின்றது. ஏற்றுக்கொண்ட மொழிபெயர்ப்பு பாதியில் கிடந்தது. ‘ஒதுங்கிவிட்டார்’ என்றார்கள் சிலர். ‘சோம்பல்’ என்றேன் நான். நேரில் சென்று, ‘படுத்துக் கிடந்தால் இப்படித்தான், நாளாந்தம் நடவுங்கள், நாளுக்கு ஐந்து நிமிடம் கூட்டுங்கள்’ என்று உபதேசமும் செய்தேன். அவர் என்னை நம்பினார், நடந்தார். மூன்றாம் வாரம் படுக்கையில் விழுந்தவர் பல மாதங்கள் எழும்பவில்லை.

தொற்று ஒன்றின் பின்னர் சிலருக்கு வரும் இந்நிலையைப் பற்றி அமெரிக்க மருத்துவ நிறுவகம் 2015இல் விரிவான அறிக்கை வெளியிட்டது. அதன்படி இதன் மைய அடையாளங்கள் மூன்று: ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து வாழ்வைக் குறுக்கும் ஏலாமை, உறங்கியும் புத்துணர்வு இல்லாமை, சிறு முயற்சிக்குப் பின்னும் நிலைமை மோசமாதல். கடைசியானதே மிக முக்கியம். முயற்சி உடலால் செய்ததாக இருக்கலாம், ஒரு மணிநேரம் கவனமாகக் கதைத்ததாகவும் இருக்கலாம். தண்டனை உடனே வருவதில்லை. அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ வருகிறது. அதனால்தான் நேரில் பார்க்கும் எங்களுக்கு அவர் நலமாகவே தெரிகிறார். உடற்பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டும் முறையை இந்நோயாளருக்குச் சிபாரிசு செய்ய வேண்டாம் என்று பிரித்தானிய வழிகாட்டி 2021இல் திருத்தி எழுதப்பட்டது. அதாவது நான் உபதேசித்த முறையை. இதைப் பூரணமாக மாற்றும் மருந்து இன்னும் இல்லை. இருக்கும் பலத்தை அறிந்து, அதற்குள் செலவு செய்வதே வழி.

‘சோம்பல்’ என்ற தீர்ப்பு

நாங்கள் ஏன் இவ்வளவு இலகுவாக ‘சோம்பல்’ என்கிறோம்? வரலாற்றாசிரியர் அன்சன் ராபின்பாக், ‘மனித மோட்டார்’ என்று பொருள்படும் தலைப்பில் 1990இல் எழுதிய நூலில் இதற்கொரு வெளிச்சம் உண்டு. முன்னர் வேலை செய்யாமை ஒழுக்கக் குறைபாடாக, பாவமாகப் பார்க்கப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உடல் ஒரு இயந்திரமாகக் கருதப்பட, அதன் எல்லையாக அலுப்பு கண்டறியப்பட்டது. பாவத்தின் இடத்தில் அளவை வந்தது. இதில் ஒரு விடுதலை உண்டு, ஒரு கண்ணியும் உண்டு. எங்கே எல்லை என்று தெரிந்தால் அதுவரை பிழியலாம். பிரித்தானியாவில் 1918இல் தொழில் அலுப்பு ஆய்வுச் சபையை அமைத்தவர்கள் தொழிலாளியின் நலத்தை மட்டும் எண்ணி அதைச் செய்யவில்லை, உற்பத்தியையும் எண்ணினார்கள்.

பெயர் வைப்பது யார் என்பதும் ஒரு கேள்வி. ‘மூலதனம்’ முதற்பாகத்தில், வேலைநாள் பற்றிய அத்தியாயத்தில் மார்க்ஸ் குறிப்பிடும் மேரி ஆன் வோக்லி என்ற 20 வயதுத் தையற்பெண்ணை வாசகர்கள் நினைவுகூரலாம். 1863 ஆனியில் இலண்டனில், இன்னும் 60 பெண்களோடு இடைவிடாது 26½ மணிநேரம் தைத்த பின் அவள் இறந்தாள். நீண்ட வேலையும் காற்றில்லா அறையுமே காரணம் என்றார் வைத்தியர். மரண விசாரணை ஜூரிகளோ அதை மூளைத்தாக்கு என்று எழுதி, அதிக வேலை அதை விரைவுபடுத்தியிருக்கலாம் என்று ஒரு வரி சேர்த்தார்கள். பெயர் மாறினால் பொறுப்பும் மாறுகிறது.

ஆகவே எமது உரிமையையும் அறிந்திருப்போம். ஜேர்மனியின் 1994ஆம் ஆண்டு வேலைநேரச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி, இரவு வேலையாளருக்கு வேலை தொடங்குமுன்னும் பின்னர் மூன்று வருடத்துக்கு ஒருமுறையும் வைத்தியப் பரிசோதனை பெற உரிமை உண்டு. 50 வயது முடிந்தால் வருடத்துக்கு ஒருமுறை. செலவு வேலை கொடுப்பவருடையது. இரவு வேலை உடல்நலத்தைக் கெடுக்கிறது என்று அப்பரிசோதனையில் தெரிந்தால், நிர்வாகத்தின் அவசரத் தேவைகள் தடையாக இல்லாதவிடத்துப் பகல் வேலைக்கு மாற்றும்படி கேட்கலாம். 12 வயதுக்குக் குறைந்த பிள்ளை வீட்டிலிருந்து, அதைப் பார்க்க வேறொருவர் இல்லாதவரும் கேட்கலாம். புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகவரகம் இரவு வேலையை, புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்ற வகைக்குள் 2007இல் சேர்த்து, 2019இல் அதை மீண்டும் உறுதிப்படுத்தியதையும் மனதில் கொள்ளலாம். நான் கேட்டேன், எனக்கு மாற்றம் கிடைத்தது. இரவுப்படி இல்லாமல் போனதால் சம்பளம் குறைந்தது. அதையும் சொல்லவேண்டும்.

மூன்று கேள்விகள்

தன்னைத் தான் சோதிக்க எனக்கு உதவிய கேள்விகளை இங்கே தருகிறேன். இவை வைத்தியருக்குப் பதிலல்ல, வைத்தியரிடம் சரியான சொல்லோடு போவதற்கானவை.

ஒன்று: இப்போது இருட்டறையில் படுத்தால் பத்து நிமிடத்துக்குள் உறங்கிவிடுவேனா? ஆம் என்றால் அது நித்திரைக் கடன், அல்லது நித்திரை கெட்டுப்போன நோய். வாகனத்தைத் தொடக்கூடாது. ஜேர்மன் வைத்தியரிடம் ‘ஷ்லேஃப்றிஷ்’ என்று சொல்லுங்கள்.

இரண்டு: உறக்கம் வரவில்லை, ஆனால் ஓய்ந்தால் தீருகிறதா? அது அலுப்பு. கேட்கவேண்டிய கேள்வி வேலையைப் பற்றியது, உடலைப் பற்றியதல்ல.

மூன்று: ஓய்ந்தாலும் உறங்கினாலும் தீரவில்லையா? சிறு வேலைக்கு மறுநாள் பெரிய விலை கொடுக்கிறேனா? அது ஏலாமை. ‘எர்ஷொப்ஃற்’ என்று சொல்லி, எதைச் செய்தபின் எத்தனை நாள் படுக்கை என்ற கணக்கையும் எழுதிக்கொண்டு போங்கள்.

ஒருவரிடம் இவை மூன்றும் கலந்தும் இருக்கலாம். என்னிடம் முதல் இரண்டும் கலந்திருந்தன.

எமது கூட்டங்களில் இப்போதெல்லாம் ‘எங்கட தலைமுறை களைச்சுப் போச்சு’ என்ற வசனம் அடிக்கடி கேட்கிறது. அதைச் சொல்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. எந்தக் களைப்பு என்று மட்டும் கேட்க விரும்புகிறேன். வெள்ளி இரவு வேலை செய்தவரைச் சனி மதியம் சோறு கொடுத்து இருத்தி, 2 மணிக்குக் கோட்பாட்டு விவாதத்தைத் தொடங்கிவிட்டு, அவர் தூங்கி விழுவதை அரசியல் ஆர்வமின்மை என்று எழுதியிருக்கிறோம். வராதவரைத் துரோகி என்றோ சோம்பேறி என்றோ சொல்லியிருக்கிறோம்.

நண்பரிடம் மன்னிப்புக் கேட்டேன். ‘நீங்கள் படிச்ச ஆள் எண்டுதான் நம்பினனான்’ என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. இப்போது அவர் மாதத்தில் ஒருநாள், காலை 11 மணிக்கு, தொலைபேசியில் 20 நிமிடம் எங்களோடு கதைக்கிறார். மணி பார்த்துக்கொண்டிருப்பது என் வேலை. 20 ஆனதும், அவர் எந்த வசனத்தின் நடுவில் நின்றாலும், நான் வணக்கம் சொல்லி வைத்துவிடுவேன்.